ரீபூட் மேல் பழி போடாதீர்கள்

சர்வர் ரீபூட் ஆகிறது. எல்லாம் எழுந்துவிடுகிறது, டேட்டாபேஸைத் தவிர. வெப் சர்வர் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று ஒப்பாரி வைக்கிறது. அட்மின் உள்ளே போய்க் கையால் ஒரு ஸ்டார்ட் கமாண்ட் அடிக்கிறார். கும்பகர்ணன் ஒரே தட்டில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். "ரீபூட்ல ஏதோ ஆயிடுச்சு, இப்ப ஓகே" என்று ஒரு மெயில் போட்டுவிட்டு அட்மின் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

அந்த மெயிலில் இருக்கும் இரண்டு தகவல்களுமே பொய். ரீபூட்டில் எதுவும் ஆகவில்லை. இப்போது ஓகேயும் இல்லை.

இது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் எப்போதோ பழுத்து, காம்பு இற்றுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பழி மட்டும் காக்காவுக்கு. விண்டோஸில் இதற்குக் கச்சிதமான உதாரணம் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரை ஒரு டொமைன் கணக்கின் பேரில் ஓட விட்டிருப்பார்கள். ஜனவரியில் யாரோ அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுகிறார். சர்வீஸின் அமைப்பில் பழைய பாஸ்வேர்டே கிடக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஏற்கெனவே உள்ளே நுழைந்தாயிற்று. அதை யாரும் மறுபடி வாசலில் நிறுத்தி அடையாளம் கேட்பதில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாம் சுகமாக ஓடுகிறது. மே மாதம் ஒரு பாதுகாப்பு அப்டேட், அதற்காக ஒரு ரீபூட். 1069 என்ற எண்ணைத் தாங்கி 'லாகான் தோல்வி' என்று சர்வீஸ் படுத்துவிடுகிறது. உடனே என்ன முடிவுக்கு வருவார்கள்? "அப்டேட்தான் காரணம்." போட்ட அப்டேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இனிமேல் அப்டேட்டே வேண்டாம் என்று ஒரு தீர்மானமும் போட்டுக்கொள்வார்கள். தப்பு நடந்தது ஜனவரியில். தண்டனை மே மாத அப்டேட்டுக்கு.

'ஓடுகிறது' என்பதும் 'எழும்' என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். 400 நாளாக ஓடும் ஒரு டேட்டாபேஸ் நிரூபிப்பது ஒன்றைத்தான்: 400 நாள் முன்பு இருந்த அமைப்பில் அது எழுந்தது. அதற்குப் பிறகு மாற்றிய கான்ஃபிக் கோப்பு, நகர்த்திய டிஸ்க், திருத்திய பர்மிஷன் எதுவும் இன்னும் பரீட்சை எழுதவே இல்லை. ரீபூட்தான் பரீட்சை. பரீட்சையில் ஃபெயில் ஆனவன் வாத்தியாரைத் திட்டுவது மாதிரிதான் ரீபூட்டைத் திட்டுவது.

கையால் அடித்தால் எழுவது தானாக ஏன் எழவில்லை? இந்த ஒரே கேள்வியைக் கேட்டால் போதும், முக்கால்வாசி மர்மம் உடைந்துவிடும். கையால் அடிக்கும்போதும் பூட் ஆகும்போதும் சூழல் ஒன்றல்ல. எது வேறு என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் இன்னொரு தடவை கையால் அடிப்பது சோம்பேறித்தனம். அதற்கு 'ஃபிக்ஸ்' என்று பெயர் வைப்பது மோசடி.

எளிய விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2010-ல் வந்த சிஸ்டம்டி, 2015-க்குள் பெரிய லினக்ஸ் விநியோகங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. அதில் 'ஸ்டார்ட்' என்றால் இப்போது எழு. 'எனேபிள்' என்றால் ஒவ்வொரு பூட்டிலும் எழு. ஒன்றைச் செய்தால் இன்னொன்று நடக்காது. டெபியன், உபுண்டுவில் பேக்கேஜை நிறுவினாலே பொதுவாக இரண்டும் நடந்துவிடும். ரெட்ஹேட் குடும்பத்தில் நடக்காது, அட்மின்தான் சொல்லவேண்டும். உபுண்டுவில் பழகிய கை சென்ட்ஓஎஸ்ஸில் விழுந்த கதைகள் எல்லாம் இந்த வகை. ஆரக்கிளில் இதற்கு ஒரே ஓர் எழுத்து: ஓராடேப் கோப்பில் டேட்டாபேஸ் பெயருக்கு எதிரே கடைசியில் 'என்' இருந்தால் டிபிஸ்டார்ட் ஸ்க்ரிப்ட் அதைத் தாண்டிப் போய்விடும், 'ஒய்' இருந்தால் எழுப்பும். அந்த டிபிஸ்டார்ட்டையே பூட்டில் யாராவது கூப்பிட ஏற்பாடு செய்திருக்கவேண்டும் என்பது தனிக்கதை. அந்த ஸ்க்ரிப்ட் யோக்கியமா என்றால், 10ஜி ரிலீஸ் 2-ல் லிஸ்னரின் பாதையாக ஆரக்கிள் நிறுவனத்துக்குள் யாரோ ஒரு டெவலப்பரின் சொந்த டைரக்டரியே எழுதப்பட்டு, அப்படியே வாடிக்கையாளர் கைக்கு வந்து சேர்ந்தது. விற்பவர்களே ரீபூட் செய்து பார்ப்பதில்லை, வாங்குபவரை என்ன சொல்ல :-)

இதுவரை சொன்னது ஐந்து நிமிட வேலை. உண்மையான கூத்து இதற்கு மேல்தான்.

ரூட் ஷெல்லிலிருந்து மைஎஸ்க்யூஎல்லை நேரடியாக ஓடவிட்டால் எஸ்இலினக்ஸ் அதைப் பெரிதாகக் கட்டுப்படுத்தாது. அதே நிரல் பூட்டில் சர்வீஸாக எழும்போது அதற்கென்று ஒரு கூண்டு உண்டு. டேட்டாவைப் புது டிஸ்க்குக்கு நகர்த்தியவர் கோப்புகளின் லேபிளை மாற்றவில்லை என்றால், கையால் எழும், பூட்டில் எழாது. உபுண்டுவில் இதே வேலையை ஆப்ஆர்மர் செய்கிறது. மரியாடிபி-யின் சர்வீஸ் கோப்பில் ஹோம் டைரக்டரிப் பக்கமே போகக்கூடாது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. டேட்டாவை ஹோமுக்குள் வைத்தவர் உலகத்திலுள்ள எல்லா பர்மிஷனையும் கொடுத்தாலும் அது திறக்காது. அவரும் விடாமல் கொடுக்கத்தான் செய்கிறார். 755, 775, கடைசியில் 777. அதுவும் பலிக்காமல் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. ஒரு லேபிள் மாற்றும் கமாண்டுக்குப் பதிலாக மொத்த சர்வரின் காவலையும் கழற்றிவிட்டுப் போய்விட்டார், அதையும் யாரிடமும் சொல்லாமல்.

இன்னொருவர் 'சாக்கெட் கோப்பை உருவாக்க முடியவில்லை' என்ற பிழையைப் பார்த்து, ரன் டைரக்டரிக்குள் மைஎஸ்க்யூஎல்டி என்று ஒரு டைரக்டரியைக் கையால் உருவாக்கி, உரிமையும் மாற்றி, ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார். ரன் டைரக்டரி இருப்பது நினைவகத்தில். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. அடுத்த ரீபூட்டில் அதே பிழை, அதே டைரக்டரி, அதே வெற்றி. ஒவ்வொரு பூட்டிலும் அதை உருவாக்கச் சொல்ல சர்வீஸ் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தேடும் நேரத்தைவிடக் கையால் உருவாக்கும் நேரம் குறைவு, அதனால் வருஷக்கணக்கில் கையாலேயே உருவாக்கிக்கொண்டிருப்பார்.

நெட்வொர்க் கதை இதைவிட நயமானது. போஸ்ட்கிரெஸ்ஸில் கேட்கவேண்டிய முகவரியாக ஒரு குறிப்பிட்ட ஐபி-யை மட்டும் எழுதியிருந்தால், பூட்டில் அந்த ஐபி வருவதற்குள் டேட்டாபேஸ் எழுந்துவிட்டால் முகவரி கிடைக்காமல் நின்றுவிடும். இது நல்லது, நின்றதாவது தெரியும். லோக்கல்ஹோஸ்ட்டையும் ஐபி-யையும் சேர்த்து எழுதியிருந்தால்? ஒன்று கிடைத்துவிட்டதல்லவா, லாகில் ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு எழுந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் ஓடுகிறது, வெளியே இருந்து யாராலும் தொட முடியாது. ஃபயர்வாலைத் திட்டுவார்கள், நெட்வொர்க் ஆட்களோடு சண்டை போடுவார்கள், கடைசியில் யாரோ ரீஸ்டார்ட் அடித்ததும் சரியாகிவிடும். 'நெட்வொர்க்குக்குப் பிறகு எழு' என்று சர்வீஸ் கோப்பில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருப்பது வெறும் நெட்வொர்க் டார்கெட். நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல் கிளம்பிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஐபி வந்துவிட்டது என்பதல்ல. ஐபி வேண்டுமென்றால் நெட்வொர்க்-ஆன்லைன் என்று தனியாகக் கேட்கவேண்டும்.

பூட்டுக்கு என்று இருக்கும் பொறுமையின் அளவும் வேறு. சிஸ்டம்டி வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு சர்வீஸ் தயாராக 90 வினாடி கொடுக்கும். கரண்ட் போய் விழுந்த பெரிய டேட்டாபேஸ் எழும்போது எழுதி வைத்த லாகை மறுபடி ஓட்டி, விட்ட இடத்தைப் பிடித்தாகவேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். 90 வினாடி ஆனதும் சிஸ்டம்டி அதைக் கொன்றுவிடும். சொந்தமாக சர்வீஸ் கோப்பு எழுதி, 'விழுந்தால் மறுபடி எழுப்பு' என்று ஒரு வரியையும் பெருமையாகச் சேர்த்தவர் வீட்டில் இது ஒரு வட்டமாகவே சுற்றும்: எழும், மீட்பு ஆரம்பிக்கும், கொல்லப்படும், மறுபடி எழும். போஸ்ட்கிரெஸ் கையேட்டில் கொடுத்திருக்கும் மாதிரி சர்வீஸ் கோப்பு இந்தக் கெடுவையே எடுத்துவிடுகிறது. கையேடு இலவசம்தான்.

சரி, இவ்வளவு காரணங்களுக்கும் பொதுவாகப் புழங்கும் 'தீர்வு' என்ன? ஆர்சி.லோக்கல் கோப்பில் இரண்டு வரி. ஸ்லீப் 60. அப்புறம் ஸ்டார்ட். 60 போதவில்லையா, 120. இதைச் செய்பவர் பிரச்சினை என்ன என்று கண்டுபிடிக்கவில்லை. 'கொஞ்சம் லேட்டாக எழுப்பினால் எழுகிறது' என்று மட்டும் கண்டுபிடித்திருக்கிறார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருப்பதற்குப் பெயர் இன்ஜினியரிங் இல்லை, நேர்த்திக்கடன்.

இதன் ஆபத்து டிஸ்க் விஷயத்தில்தான் முழு உருவத்தில் வெளியே வரும். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் மக்களே, இங்கே போவது நேரமல்ல, டேட்டா.

டேட்டாபேஸ் தனி டிஸ்க்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அந்த டிஸ்க் மவுன்ட் ஆகாமல் சர்வர் மொத்தமும் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. அட்மின் கடுப்பாகி எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க் வரிக்கு 'நோஃபெயில்' என்று சேர்க்கிறார். எமர்ஜென்சி மோடு ஒழிந்தது. ஆனால் நோஃபெயிலுக்கு இரண்டு அர்த்தம்: டிஸ்க் வராவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்பது ஒன்று, டிஸ்க் வரும்வரை காத்திருக்காதே என்பது இன்னொன்று. இப்போது டேட்டாபேஸும் டிஸ்க்கும் ஓட்டப்பந்தயத்தில் நிற்கின்றன. டேட்டாபேஸ் முந்திவிட்டால், டேட்டா இருக்கவேண்டிய இடத்தில் அது காண்பது ஒரு காலி டைரக்டரி.

காலி டைரக்டரியைப் பார்த்தால் நியாயமான டேட்டாபேஸ் என்ன செய்யவேண்டும்? 'என் வீட்டைக் காணோம்' என்று நின்றுவிடவேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் ஆர்பிஎம் பேக்கேஜில் வரும் சர்வீஸ் அப்படிச் செய்யாது. டைரக்டரி காலியாக இருந்தால் 'ஓ, புது நிறுவல் போலிருக்கிறது' என்று புத்தம்புதிய டேட்டாபேஸை அங்கேயே உருவாக்கிவிடும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டின் டாக்கர் இமேஜ்களும் இதே வழக்கம்தான். ரெட்ஹேட் குடும்பத்துப் போஸ்ட்கிரெஸ் ஸ்க்ரிப்ட்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இதன் ஆபத்து புரிந்த பிறகு, புதிதாக உருவாக்குவதைத் தனிக் கமாண்டாகப் பிரித்துவிட்டார்கள். சர்வீஸ் பச்சை விளக்கில் 'ஓடுகிறது' என்று காட்டும். உள்ளே ஒரு டேபிள்கூட இருக்காது. பாஸ்வேர்டு ஒத்துவராமல் அப்ளிகேஷன் நின்றால் பிழைத்தீர்கள். பாஸ்வேர்டும் டேபிள்களும் தானாகவே உருவாகும்படி எழுதப்பட்ட அப்ளிகேஷனாக இருந்தால் சமர்த்தாக எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டு, அன்றைக்கு வரும் பதிவுகளை அந்தக் காலி வீட்டில் எழுத ஆரம்பிக்கும். சாயந்திரம் யாரோ டிஸ்க்கை மவுன்ட் செய்து ரீஸ்டார்ட் அடிப்பார்கள். பழைய டேட்டா திரும்பி வந்துவிடும். அன்று பகலில் எழுதியதெல்லாம் மவுன்ட்டுக்கு அடியில் மறைந்துவிடும். ஒரு ஆஸ்பத்திரியாக இருந்தால் அன்றைக்கு வந்த நோயாளிகள், ஒரு காலேஜாக இருந்தால் அன்றைக்குக் கட்டிய ஃபீஸ். ரசீது கையில் இருக்கும், பதிவு இருக்காது.

இதைத் தடுக்க ஸ்லீப் வேண்டியதில்லை. இந்த டைரக்டரி மவுன்ட் ஆனால் ஒழிய எழாதே என்று சர்வீஸ் கோப்பில் ஒரே வரி போதும். கூடவே, மவுன்ட் ஆகும் இடத்தையே டேட்டா டைரக்டரியாக வைக்காமல் அதற்குள்ளே இன்னொரு டைரக்டரி வைக்கச் சொல்கிறது போஸ்ட்கிரெஸ் கையேடு. டிஸ்க் வராத நாளில் சுத்தமாகத் தோற்கட்டும் என்பதற்காக. எழ மறுக்கும் டேட்டாபேஸ் பல நேரம் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. அதை எப்படியாவது எழுப்பிவிடும் கைதான் ஆபத்து. இந்தக் கைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: போஸ்ட்மாஸ்டர் பிஐடி கோப்பு தடுக்கிறது என்று கண்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை அழிக்கச் சொல்லி ஸ்க்ரிப்டில் எழுதி வைப்பது. ஒரே டேட்டாவின் மேல் இரண்டு சர்வர்கள் ஏறி உட்காராமல் காக்கும் பூட்டு அது. கதவு திறக்கவில்லை என்று பூட்டை உடைப்பவன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவையாவது பார்க்கவேண்டாமா?

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வரலாம். "ஓடுறதைத் தொடாதே." இது ஒரு வேதவாக்கியம் மாதிரி ஆஃபீஸ் ஆஃபீஸாகச் சொல்லப்படுகிறது. 1,000 நாள் அப்டைம் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மாட்டி வைக்கிறார்கள். 1,000 நாள் ரீபூட் ஆகாத சர்வரில் பெரும்பாலும் 1,000 நாள் பழைய கெர்னல் இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரீபூட்டைத் தள்ளிப்போட முடியும், தடுக்க முடியாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளிவந்தபோது உலகம் முழுக்க சர்வர்களை ரீபூட் செய்யவேண்டி வந்தது. யாருடைய அப்டைமுக்கும் யாரும் மரியாதை கொடுக்கவில்லை.

இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும். 2014 செப்டம்பர் கடைசியில் ஸென் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க அமேசான் தன் மெஷின்களில் ஒரு பகுதியை ரீபூட் செய்தது. நெட்ஃபிளிக்ஸிடம் அப்போது 2,700-க்கு மேல் கஸாண்ட்ரா டேட்டாபேஸ் நோடுகள் இருந்தன. அவற்றில் 218 ரீபூட் ஆயின. 22 எழவே இல்லை. படம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எழாதவற்றைத் தானியங்கி நிரல்கள் கண்டுபிடித்துப் புதிய நோடுகளால் மாற்றிவிட்டன. அதிர்ஷ்டம் இல்லை, கேயாஸ் மங்கி என்ற குரங்கை விட்டுத் தங்கள் மெஷின்களைத் தாங்களே வேலை நேரத்தில் வீழ்த்திப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள், டேட்டாபேஸையும் விட்டுவைக்காமல்.

2016 ஜனவரி 28 கிட்ஹப்புக்கு விடிந்தது வேறு மாதிரி. டேட்டா சென்டரில் மின்சாரம் ஒரு கணம் தடுமாற, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான சர்வர்கள் ரீபூட் ஆயின. ரெடிஸ் டேட்டாபேஸ் இருந்த மெஷின்களில் பல, ஃபர்ம்வேர் கோளாறால் தங்கள் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நின்றன. அதைவிட வேடிக்கை, அப்ளிகேஷன் எழும்போதே ரெடிஸ் இருந்தாகவேண்டும் என்ற நிபந்தனை யாருக்கும் தெரியாமலே அதன் கோடுக்குள் புகுந்திருந்தது. ரெடிஸ் இல்லாததால் அப்ளிகேஷனும் எழவில்லை. பிரச்சினையைச் சரிசெய்ய அவர்கள் நம்பியிருந்த சாட் கருவியும் அந்த ரீபூட்டிலேயே விழுந்திருந்தது. 2 மணி 6 நிமிடம் தளம் இல்லை. கிட்ஹப்பில் இருந்தவர்கள் ஒன்றும் மட்டமான ஆட்கள் இல்லை. நடந்ததை ஒளிக்காமல் முழுசாக எழுதியும் வைத்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். எல்லாமே ஒன்றாக விழுந்தால் எல்லாமே ஒன்றாக எழுமா என்று அதுவரை பரீட்சித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நெட்ஃபிளிக்ஸிடம் 2,700 இருக்கிறது, இங்கே இருப்பது ஒன்றுதான், அதை எப்படி விழவைத்துப் பார்ப்பது" என்பார்கள். ஒன்றே ஒன்று இருப்பவருக்குத்தான் அது எழுமா என்று தெரிந்திருப்பது அவசியம். புது சர்வரை நிறுவிய அன்று, முதல் யூஸர் உள்ளே வருவதற்கு முன், ரீபூட்டுக்கு ஆகும் செலவு மூன்று நிமிடம். ஒவ்வொரு கான்ஃபிக் மாற்றத்துக்குப் பிறகும், மாற்றியவர் பக்கத்தில் இருக்கும்போதே, சொல்லி வைத்த நேரத்தில் ஒரு ரீபூட். அப்போது தோற்றால் காரணம் என்ன என்று தேடவே வேண்டாம், பத்து நிமிடம் முன்பு மாற்றியதுதான் காரணம். அதே தோல்வி எட்டு மாதம் கழித்து ராத்திரி மூன்று மணிக்கு வந்தால், அதைப் பார்க்கப்போவது மாற்றியவர் அல்ல. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான நைட் ஷிஃப்ட் பையன். ஆர்சி.லோக்கலில் ஸ்லீப் இருப்பதும் எஸ்இலினக்ஸ் அணைந்திருப்பதும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மேனேஜர் போனில் கத்துவது மட்டும் அவனுக்குக் கேட்கும்.

தானாக எழவே கூடாத டேட்டாபேஸ்களும் உண்டு, அதையும் சொல்லியாகவேண்டும். பேஸ்மேக்கர், பத்ரோனி போன்றவை மேய்க்கும் கிளஸ்டரில் யார் எழுவது என்பதைக் கிளஸ்டர்தான் முடிவு செய்யவேண்டும். அங்கே சிஸ்டம்டியில் எனேபிள் செய்வதுதான் தப்பு. விழுந்த பழைய பிரைமரி தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது தெரியாமல் எழுந்து எழுத ஆரம்பித்தால், இரண்டு உண்மைகள் பிறந்துவிடும். மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க்கை ஒருவர் சோதித்த பின்தான் டேட்டாபேஸ் எழவேண்டும் என்று வைத்திருக்கும் பழைய டிபிஏ-க்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை இல்லை. அவர்கள் அதை முடிவு செய்திருக்கிறார்கள், கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரைக் கூப்பிடவேண்டும் என்று போன் நம்பரும் இருக்கும்.

மறந்துபோய் எனேபிள் செய்யாதவரும் கேட்டால் இதையேதான் சொல்கிறார், "அது வேணும்னுதான் அப்படி வெச்சிருக்கோம்" என்று. எழுதி வைத்த கையேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.